குபேரபுரியில் குசேலக் குழந்தைகள்!

செல்வம் கொழிக்கும் சீமை நாடுகள்! விண்ணை முட்டும் மாளிகைகள், மண்ணைக் குடைந்து ஓடும் இரயில்கள், மதியிலே கால்வைத்துத் திரும்பிய மனிதர்கள் - எல்லாம் அங்கே! பால் பெருக்கெடுத்து ஓடுகிறது; பழம் மலையெனக் குவிகிறது; தானியம் களஞ்சியத்திலே இடமின்றித் தவிக்கிறது. அத்தகைய நாட்டிலே, பசியோடு பாடம் கேட்கும் பிள்ளை இருக்குமா? கிழிந்த காலணியை மற்றவர் கண்ணிலே படாமல் மறைத்துக்கொண்டு, பள்ளிக்கூட வாயிலிலே தயங்கி நிற்கும் பிஞ்சு இருக்குமா?

இருக்கிறது, தோழர்களே! ஒன்று இரண்டல்ல - 6 கோடியே 90 லட்சம்!

செல்வம் மிகுந்த நாடுகளின் வரிசையிலே வைத்து எண்ணப்படும் 40 நாடுகளில், ஐந்து குழந்தைகளுக்கு ஒன்றுக்கு மேல் வறுமையிலே வாடுகிறது என்று கணக்கெடுத்து, 2023 டிசம்பரிலே அறிக்கை வெளியிட்டது யுனிசெப் - ஐக்கிய நாடுகள் மன்றத்தின் குழந்தைகள் நிதியம். செல்வரைக் கண்டால் சீறும் செஞ்சட்டைக்காரர் எழுதியதல்ல அது. அந்தந்த நாட்டுப் புள்ளிவிவரத்தையே எடுத்து, கூட்டிக் கழித்துப் பார்த்து எழுதப்பட்டது.

புராணத்துக் குசேலனுக்குப் பிள்ளைகள் இருபத்தேழு என்பர். பிடி அவலை எடுத்துக்கொண்டு நண்பனைத் தேடிப் போனானாம். திரும்பி வருவதற்குள் குடிசை மாளிகையாயிற்றாம். கதை! குபேரபுரியிலே பிறந்த இந்தக் கோடிக்கணக்கான குசேலக் குழந்தைகளுக்கு, அவலை வாங்கிக்கொண்டு அருள்பாலிக்கக் கண்ணன் எவனும் இல்லை. அரசு ஒன்றுதான் உண்டு. அந்த அரசு கொடுத்ததா, கொடுக்கவில்லையா, கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டதா? கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

முந்திரிக்கொல்லையிலே ஒரு விவாதம்

அரியலூர் மாவட்டத்திலே, ஆண்டிமடத்தை அடுத்திருக்கிறது வரதராஜன்பேட்டை பேரூர். சுற்றுவட்டாரமெங்கும் முந்திரிக்கொல்லை. கொட்டையை உடைக்கும்போது கசியும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். அதனாலே கையிலே சாம்பலைப் பூசிக்கொண்டு, உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமல் உடைக்கிறார்கள் நமது தாய்மார்கள். கை கறுக்கிறது, பருப்பு வெளுக்கிறது. அந்த வெள்ளைப் பருப்பு தரம் பிரிக்கப்பட்டு, தகரத்திலே அடைக்கப்பட்டு, கப்பலேறிப் போய்ச் சேருவது எங்கே? நாம் மேலே சொன்ன செல்வச் சீமைகளின் விருந்து மேசைக்கு!

அந்த வட்டாரத்துத் தோழர்கள் சிலரிடம் யுனிசெப் சொன்ன கணக்கை எடுத்துரைத்தோம். ஒரு பெரியவர் சிரித்துவிட்டார்.

"அண்ணே, அந்த ஊர் ஏழை வீட்டிலே டி.வி. இருக்கும், பிரிட்ஜ் இருக்கும், புள்ள காலிலே பூட்ஸ் இருக்கும். அவனையும் ஏழைன்னு சொன்னா, எங்களை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவீங்க?" என்றார்.

பக்கத்திலிருந்த இளைஞர் வேறொன்று சொன்னார். "அமெரிக்காவிலேயே அஞ்சுலே ஒரு புள்ள ஏழைன்னா, நம்ம நாட்டை மட்டும் ஏன் அண்ணே குறை சொல்றீங்க? எல்லா இடத்திலேயும் உள்ளதுதானே!"

இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டிலும் ஒவ்வோர் ஆபத்து ஒளிந்துகொண்டிருக்கிறது. முதற் கேள்வி, அங்கே அழும் குழந்தையின் கண்ணீரைக் கேலிக்குரியதாக்கிவிடும். இரண்டாவது, இங்கே அழும் குழந்தையின் கண்ணீரை மறந்துவிடச் சொல்லும். ஆகவே நிதானமாக விளக்கம் தர வேண்டியிருக்கிறது.

கோடு போடுவது எப்படி?

முந்திரிப் பருப்பைத் தரம் பிரிக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு பவுண்டு எடைக்கு 180 பருப்பு நின்றால் ஒரு தரம், 240 நின்றால் ஒரு தரம், 320 நின்றால் மற்றொரு தரம். வறுமையை அளக்கவும் அப்படிக் கணக்கு உண்டு; ஒன்றல்ல, இரண்டு.

ஒன்று, வயிற்றைப் பார்ப்பது. உயிர்வாழ இவ்வளவு உணவு, உடுக்க இவ்வளவு துணி, இருக்க ஓர் இடம் - இவற்றை வாங்க இத்தனை ரூபாய் வேண்டும். அது இல்லாதவன் ஏழை. இதை முழுவறுமை என்போம்.

மற்றொன்று, வரிசையைப் பார்ப்பது. ஒரு தெருவிலே 11 குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். வருமானத்தின்படி அவர்களை ஏற்ற வரிசையிலே நிறுத்துகிறோம். நட்டநடுவிலே நிற்பது ஆறாவது குடும்பம். அதன் மாத வருமானம் 20,000 ரூபாய் என்றால், அதிலே பாதி 10,000. அந்தப் பத்தாயிரத்துக்குக் கீழே எந்தெந்த வீடு இருக்கிறதோ, அந்த வீட்டுக் குழந்தைகள் ஏழைக் குழந்தைகள். சில நாடுகளிலே பாதிக்குப் பதில் நூற்றுக்கு அறுபது என்று வைத்துக்கொள்கிறார்கள். இதுதான் ஒப்பீட்டு வறுமை. செல்வ நாடுகளைப் பற்றி யுனிசெப் சொல்லும் கணக்கு இந்த வகையைச் சேர்ந்தது.

பதினோராவது வீட்டுக்காரர் கோடீசுவரராகி மேலும் நூறு கோடி குவித்தாலும் இந்தக் கோடு அசையாது. ஏனெனில் நடு வீடு நடு வீடாகவே இருக்கிறது. ஆக, பணக்காரரின் பணத்தைக் கண்டு பொறாமைப்பட்டுப் போட்ட கோடல்ல இது. ஊரிலே நடுத்தரமாக வாழ்பவனுக்குக் கிடைப்பதிலே பாதிகூட உனக்குக் கிடைக்கிறதா என்று கேட்கும் கோடு.

சட்டையும் துண்டும்

சரி, பாதி கிடைக்காவிட்டால் என்ன? வயிறுதான் நிரம்பிவிடுகிறதே என்பார் பெரியவர். அவருக்கு நாம் சொல்லும் பதில் புதியதல்ல. 1776-ஆம் ஆண்டிலே, பொருளாதாரப் பேரறிஞர் என்று முதலாளிமார்களே போற்றும் ஆடம் ஸ்மித் எழுதி வைத்தது. பண்டைய கிரேக்கரும் ரோமரும் லினன் சட்டையில்லாமலே சுகமாக வாழ்ந்தனர். ஆனால் தம் காலத்து ஐரோப்பாவிலே, மானமுள்ள ஒரு கூலித் தொழிலாளி அந்தச் சட்டையில்லாமல் நாலு பேர் முன்னே வரக் கூசுவான். ஆகவே, அவனுக்கு அந்தச் சட்டையும் அத்தியாவசியப் பொருளே என்றார் அவர். குளிருக்காக அல்ல, மானத்துக்காக!

மானம் என்றதும் நமக்கு விளக்கம் தேவையா? தோளிலே துண்டு போடாதே, தெருவிலே செருப்பணிந்து நடக்காதே என்று கட்டளையிட்ட நாடல்லவா இது! தென்திருவிதாங்கூரிலே, மார்பை மறைக்கும் உரிமைக்காக நமது தாய்மார்கள் ஆண்டுக்கணக்கிலே போராடினர். 1859-இலே வந்த அரசாணைதான் அவர்களுக்கு ஓரளவாவது வழிவிட்டது. துண்டில்லாவிட்டால் உயிரா போய்விடும்? போகாது. ஆனால், துண்டைத் தோளிலே போட்டபோதுதான் தலை நிமிர்ந்தது. அதற்குத்தான் சுயமரியாதை என்று பெயர் வைத்தோம். இங்கே தடுத்தது சாதி. அங்கே தடுப்பது விலைச்சீட்டு. கூனிக்குறுகுவது மட்டும் இரண்டு இடத்திலும் மனிதன்தான்.

2012-இலே யுனிசெப், ஐரோப்பியக் குழந்தைகளுக்கு இன்றியமையாதவை என்று 14 பொருள்களைப் பட்டியலிட்டது. அந்தப் பட்டியலைப் படித்தால் பெரியவரின் சிரிப்பு நின்றுவிடும். நாளைக்கு மூன்று வேளை உணவு. காலுக்குப் பொருந்தும் இரண்டு சோடிக் காலணி. பிறர் உடுத்திக் கழித்ததாக இல்லாமல், சிலவேனும் புதுத் துணி. பள்ளியிலே சுற்றுலா அழைத்துப்போனால் கட்டுவதற்குப் பணம். வீட்டுப்பாடம் எழுத வெளிச்சமுள்ள ஓர் அமைதியான இடம். எப்போதாவது நண்பர்களை வீட்டுக்கு அழைக்கும் வாய்ப்பு. பிறந்தநாளுக்கு ஒரு சின்னக் கொண்டாட்டம். இப்படிப் போகிறது பட்டியல். இவற்றிலே மாடமாளிகை ஏதேனும் உண்டா? தோழர்களே, உங்கள் பிள்ளைக்கு இவையெல்லாம் வேண்டாமென்று சொல்வீர்களா? எல்லோரும் சுற்றுலாவுக்குப் போகும் நாளிலே, "காய்ச்சல்" என்று பொய் சொல்லி வீட்டிலே தங்கும் குழந்தைக்கு இலண்டனென்ன, இலையூரென்ன? நெஞ்சிலே விழும் காயம் ஒன்றுதான்!

எண்ணைக் கண்டு ஏமாறாதே!

பெரியவருக்குச் சொன்னோம். இனி இளைஞருக்கு.

அமெரிக்காவிலே நூற்றுக்கு 23, நம் நாட்டிலே நூற்றுக்கு இத்தனை என்று இரண்டையும் பக்கத்திலே பக்கத்திலே வைத்து, "சரிக்குச் சரி" என்று சொல்வது தவறு. ஏன்? வரிசைக் கோடு ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வோர் உயரத்திலே நிற்கிறது. அங்கே கோட்டுக்குக் கீழே நிற்கும் பிள்ளையின் தட்டும், இங்கே கோட்டுக்குக் கீழே நிற்கும் பிள்ளையின் தட்டும் ஒன்றல்ல.

ஐரோப்பாவுக்குள்ளேயே சான்று இருக்கிறது. 2012 அறிக்கையின்படி, வரிசைக் கணக்கிலே ஹங்கேரி நாட்டின் ஏழைக் குழந்தைகள் பத்துக்கு ஒன்று. பிரிட்டனிலே எட்டுக்கு ஒன்று. ஆகா, ஹங்கேரியே மேல் என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் அந்த 14 பொருள்களிலே இரண்டோ அதற்கு மேலோ இல்லாத குழந்தைகளைக் கணக்கிட்டபோது, பிரிட்டனிலே பதினெட்டுக்கு ஒன்று. ஹங்கேரியிலே ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று! எல்லோரும் ஒன்றுபோல் குறைவாக வாழ்ந்தால் வரிசைக் கோடு அதைக் காட்டாது. எல்லோருக்கும் வயிறு நிரம்பிவிட்டால், வயிற்றுக் கோடு மானத்தின் குறையைக் காட்டாது. ஒரு கண்ணால் பார்த்தால் ஒரு பக்கம்தான் தெரியும். இரண்டு கண்ணும் வேண்டும்.

நமது டில்லி எசமானர்களோ, ஒரு கண்ணையும் அரைக்கண்ணாக மூடிக்கொண்டு பார்த்தவர்கள். 2011 செப்டம்பரிலே, அன்றிருந்த திட்டக் கமிஷன் உச்ச நீதிமன்றத்திலே ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. நகரத்திலே ஒரு மனிதன் நாளொன்றுக்கு 32 ரூபாயும், கிராமத்திலே 26 ரூபாயும் செலவழித்தால் அவன் வறுமைக் கோட்டுக்கு மேலே உள்ளவன் என்றது. 26 ரூபாயிலே சோறு, துணி, மருந்து, பிள்ளைக்கு நோட்டு - அத்தனையும்! நாடே கொதித்தது. கோட்டைக் கீழே இறக்கினால் ஏழைகள் குறைவார்கள்; ஏழ்மை குறையுமா?

ஆகவே இளைஞருக்கு நமது பதில் இது: அமெரிக்கப் பிள்ளையின் வறுமை நமக்கு ஆறுதல் அல்ல, எச்சரிக்கை. நாடு பணக்கார நாடாகிவிட்டால் குழந்தைகளின் துயரம் தானாகவே தீர்ந்துவிடும், அதுவரை பொறுத்திரு என்று சொல்பவர்களை நம்பாதே என்று அந்தப் பிள்ளை நம்மை எச்சரிக்கிறது.

பணம் இருந்தது, மனம்?

அதே 2012 கணக்கிலே 35 நாடுகளின் வரிசை இருக்கிறது. ஐஸ்லாந்திலே ஏழைக் குழந்தைகள் நூற்றுக்கு 4.7. பின்லாந்திலே 5.3. உலகச் செல்வத்தின் உச்சாணிக்கொம்பிலே இருக்கும் அமெரிக்காவிலே 23.1 - முப்பத்தைந்திலே 34-ஆவது இடம்! அதற்கும் கீழே இருந்தது ருமேனியா ஒன்றுதான். பின்லாந்துக்காரன் அமெரிக்கனைவிடச் செல்வந்தனா? இல்லை. பின் எப்படி? வரியாக வாங்கியதைக் குழந்தைக்கு உதவித்தொகையாக, இலவச மதிய உணவாக, குழந்தைக் காப்பகமாகத் திருப்பிக் கொடுத்தது அந்த அரசு. பின்லாந்திலே பள்ளி மாணவர் அனைவருக்கும் இலவச உணவு 1948 முதல் நடக்கிறது.

அமெரிக்காவால் முடியாதா? முடியும். முடித்தும் காட்டியது, ஓராண்டு மட்டும்! 2021-இலே கொரோனா நிவாரணமாக, குழந்தைகளுக்கான வரிச்சலுகையைப் பெருக்கி, வேலையில்லாத பெற்றோருக்கும் சேர்த்து, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாதம் 300 டாலர், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 250 டாலர் என்று ஜூலை முதல் டிசம்பர் வரை வீட்டுக்கே அனுப்பினார்கள். என்ன நடந்தது? அரசு உதவிகளையும் சேர்த்துப் பார்க்கும் அந்நாட்டின் துணைக் கணக்குப்படி, 2020-இலே நூற்றுக்கு 9.7 ஆக இருந்த குழந்தை வறுமை, 2021-இலே 5.2 ஆக இறங்கியது. வரலாறு காணாத வீழ்ச்சி! அடுத்த ஆண்டு அந்தச் சலுகையைத் தொடர மறுத்தது அவர்களது நாடாளுமன்றம். 2022-இலே அதே வறுமை 12.4! ஓராண்டிலே இரு மடங்குக்கு மேல்! புயல் அடிக்கவில்லை, பஞ்சம் வரவில்லை. கையெழுத்திட மறுத்தார்கள், அவ்வளவுதான்.

போலந்து நாட்டைப் பாருங்கள். 2016-இலே, பிள்ளைக்கு மாதம் 500 ஸ்லாட்டி என்று தொகை கொடுக்கத் தொடங்கியது. 2012-14 ஆண்டுகளுக்கும் 2019-21 ஆண்டுகளுக்கும் இடையிலே, குழந்தை வறுமையை நூற்றுக்கு 38 பங்கு குறைத்து, அந்த 40 நாடுகளிலே முன்னணியிலே நின்றது. போலந்தைவிடப் பன்மடங்கு செல்வம் படைத்த பிரிட்டனிலே, அதே காலத்திலே வறுமை ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு கூடியது! ஏன் கூடாது? 2017 ஏப்ரல் முதல், இரண்டு பிள்ளைக்கு மேல் பிறந்தால் மூன்றாவது பிள்ளைக்கு அந்த உதவித்தொகை கிடையாது என்று சட்டம் போட்ட நாடல்லவா அது! மூன்றாவதாகப் பிறந்தது அந்தக் குழந்தை செய்த குற்றமா? எட்டாண்டுக் கூக்குரலுக்குப் பிறகு, 2026 ஏப்ரல் முதல் அந்தத் தடை நீங்கும் என்று 2025 நவம்பரிலே அறிவித்தார்கள். எட்டாண்டிலே ஒரு குழந்தைப் பருவமே கழிந்துவிடும், தோழர்களே!

தட்டிலே எழுதிய வரலாறு

இதோ நமது கதை. பணமில்லாத நாடு பரிவு காட்டிய கதை.

1920-ஆம் ஆண்டு, சென்னை மாநகராட்சியின் தலைவர் பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியிலே, பிள்ளை ஒன்றுக்கு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிட்டு, பகல் உணவு தரத் தீர்மானம் நிறைவேறியது. உணவு வந்தது, பிள்ளைகள் வந்தனர். சில பள்ளிகளுக்குப் பரவிய அந்தத் திட்டத்துக்கு, கல்வி நிதியிலே கைவைக்காதே என்று வெள்ளை அரசு தடை போட்டது. 1925-இலே அடுப்பு அணைந்தது.

அணைந்த அடுப்பை 1956-இலே மாநிலமெங்கும் மூட்டினார் காமராசர். ஊராரிடம் அரிசியும் பருப்பும் கேட்டு வாங்கித் தொடங்கிய திட்டம் அது. 1982 ஜூலை 1-ஆம் நாள், எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெருக்கினார். "கருவூலம் காலியாகும்" என்று பயமுறுத்திய பொருளாதாரப் புலிகள் அன்று உண்டு. அதே காலத்திலே அமெரிக்காவிலே என்ன செய்துகொண்டிருந்தார்கள் தெரியுமா? 1981-இலே, ரீகன் ஆட்சி பள்ளி உணவு நிதியைப் பெருமளவு வெட்டியது. வெட்டிய பிறகு தட்டிலே காய்கறிக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே! தொட்டுக்கொள்ளும் ஊறுகாய், தக்காளிச் சாந்து போன்றவற்றையும் காய்கறியாக எண்ணிக்கொள்ளலாம் என்று விதி எழுத முனைந்தார்கள்! நாடே கைகொட்டிச் சிரித்தபிறகு திரும்பப் பெற்றார்கள். சந்திரனுக்கு ஆள் அனுப்பிய நாடு காய்கறிக்குக் கணக்குப் பார்த்தது. கடனிலே மூழ்கிய நமது மாநிலம் அடுத்த ஆண்டிலே சோற்றுப் பானையைப் பெரிதாக்கியது!

1989-இலே கலைஞர் ஆட்சியிலே, அந்தத் தட்டிலே முட்டை சேர்ந்தது. 2001 நவம்பர் 28-ஆம் நாள், நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலே சமைத்த உணவு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நாம் நடந்த பாதையிலே இந்தியா நடந்தது. 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையிலே காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2023 ஆகஸ்டிலே அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும், 2024-இலே ஊர்ப்புறத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025-இலே நகர்ப்புறத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் அது விரிந்தது.

இதிலே வயிறு மட்டுமல்ல, மானமும் காக்கப்பட்டது. அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றிலே, மதிய உணவுக்குக் கடன் பாக்கி வைத்த குழந்தையின் கையிலே முத்திரை குத்தி அனுப்பியதும், கையிலிருந்த தட்டைப் பிடுங்கிக் குப்பையிலே கொட்டியதும் உண்டு. அந்தக் கொடுமையைத் தடுக்க, நியூ மெக்சிகோ மாநிலம் 2017-இலே தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று! நம் பள்ளியிலே தட்டேந்தி உட்காரும் பிள்ளையை, "காசு கொண்டுவந்தாயா?" என்று எவரும் கேட்பதில்லை. "என்ன சாதி?" என்றும் கேட்கக்கூடாது. ஆனால், 2018-இலே அவிநாசி வட்டாரத்திலே ஒரு பள்ளியில், சமைப்பவர் தாழ்த்தப்பட்ட வகுப்புத் தாய் என்பதற்காகவே எதிர்ப்புக் கிளம்பியதே, அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். பானை ஒன்றானாலும் பாழும் சாதி பந்தியைப் பிரிக்கப் பார்க்கிறது. இந்தப் போர் இன்னும் முடியவில்லை.

மார்தட்டிக்கொண்டு நிற்கலாமா?

கூடாது. கணக்கை நமக்கும் போட்டுப் பார்ப்போம்.

நிதி ஆயோக் 2023-இலே வெளியிட்ட பன்முக வறுமைக் கணக்கு, 2019-21 நிலவரப்படி தமிழ்நாட்டிலே வறியவர் நூற்றுக்கு 2.2 என்றது, இந்தியா முழுவதற்கும் அது 14.96. நெஞ்சு நிமிர்த்தலாம். ஆனால் அதே ஆண்டுகளிலே எடுத்த தேசிய குடும்பநல ஆய்வு என்ன சொன்னது? தமிழ்நாட்டிலே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிலே, வயதுக்கேற்ற உயரம் இல்லாதவை நூற்றுக்கு 25. நான்கு குழந்தைக்கு ஒன்று! இந்தியாவிலே 35.5 என்று ஆறுதல் தேடலாமா? இரத்தசோகையுள்ள பிஞ்சுகள் நூற்றுக்கு 57! அதற்கு முந்தைய ஆய்விலே 50-ஐ ஒட்டி இருந்தது, குறையவில்லை, கூடியிருக்கிறது.

ஏன்? பள்ளிக்கு வந்த பிள்ளைக்குச் சோறு போட்டோம். ஆனால் குழந்தை குள்ளமாவது பள்ளிக்கு வந்த பிறகல்ல. தாயின் வயிற்றிலே இருக்கும்போதும், பிறந்த முதல் இரண்டாண்டிலும். இரத்தமில்லாத தாய்க்கு எடை குறைந்த பிள்ளை. அந்தத் தாய் பேறு முடிந்து உடம்பு தேறுமுன்னே வேலைக்குப் போனால், பாலுக்கும் ஊட்டும் கஞ்சிக்கும் நேரமில்லை. அப்போதே குட்டையான பிள்ளையைப் பிறகு முட்டையால் நிமிர்த்துவது கடினம். முந்திரி உடைக்கும் தாயின் கிலோக் கணக்குக் கூலியிலே தொடங்குகிறது, அவள் பிள்ளையின் உயரம்!

நமது அரியலூர் மண்ணையே எண்ணிப் பாருங்கள். பூமிக்கடியிலே சுண்ணாம்புக்கல். பூமிக்கு மேலே சிமெண்ட் ஆலைகளின் புகைபோக்கி, முந்திரிக்கொல்லை. கங்கைவரை சென்று வென்றவன் கட்டிய கங்கைகொண்ட சோழபுரம் இந்த மாவட்டத்திலே. மண்ணிலே செல்வம் இல்லையென்று எவர் சொல்லமுடியும்? ஆனால் அமெரிக்கா நமக்குக் கற்பித்த பாடம் என்ன? செல்வம் மண்ணிலே கிடந்தால் போதாது, மடியிலே வந்து விழவேண்டும். தானாக விழாது; விழச் செய்ய வேண்டும்.

தோழர்களுக்கு வேலை

ஆகவே, கூட்டம் போட்டுக் கைதட்டிக் கலைவது போதாது. வரதராஜன்பேட்டைத் தோழர்களிலிருந்து வடசென்னைத் தோழர்கள்வரை, ஒவ்வொரு கிளையும் செய்யக்கூடிய வேலை இருக்கிறது.

உங்கள் தெரு அங்கன்வாடிக்குச் செல்லுங்கள். ஒவ்வொரு குழந்தையின் எடையும் உயரமும் மாதந்தோறும் அளக்கப்படுகிறதா, குறைந்த பிள்ளைக்கு என்ன செய்தார்கள் என்று பணிவோடு கேளுங்கள், விடாமலும் கேளுங்கள். முந்திரி உடைக்கும் தாய், செங்கல் சுமக்கும் தாய், கல் உடைக்கும் தாய் - இவர்களின் கூலி, நாள் முடிவிலே சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலிக்கு எட்டுகிறதா என்று கணக்கெடுங்கள். அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியத்திலே பதிவு செய்தவர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. பதிவு செய்யாத குடும்பங்களைத் தேடிப் பதிவு செய்யுங்கள். 2023 செப்டம்பரிலே தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை போலத் தாயின் கைக்கே நேராகப் போகும் பணம், போலந்திலே என்ன செய்தது என்று கண்டோம். அப்படிப்பட்ட உதவிக்குத் தகுதியிருந்தும் விடுபட்டவர் யார் என்று பட்டியல் எடுங்கள். பேரூராட்சி மன்றத்திலே, ஊராட்சியிலே அந்தப் பட்டியலைப் படியுங்கள். ஆட்சியிலே நம்மவர் இருந்தாலும் கேளுங்கள். மற்றவர் இருந்தாலும் கேளுங்கள். குழந்தையின் பசிக்குக் கட்சி தெரியாது.

"பணக்கார நாட்டிலும் ஏழைக் குழந்தை உண்டு" என்று எவரேனும் மேடையிலே சமாதானம் சொன்னால், எழுந்து நின்று கேளுங்கள்: அமெரிக்கா ஓராண்டிலே பாதியாகக் குறைத்ததே, அது எப்படி? மறு ஆண்டிலே இரு மடங்காக்கியதே, அது யாரால்? ஓரணாவிலே தியாகராயர் தொடங்கினாரே, அவர் கையிலே குபேரன் சாவியா இருந்தது?

இருந்தது மனம். அது இருந்த இடத்திலே, ஏழை நாட்டிலும் பிள்ளையின் தட்டு நிறைந்தது. இல்லாத இடத்திலே, குபேரபுரியிலும் பிள்ளையின் கையிலிருந்த தட்டு பறிக்கப்பட்டது.

வயிறும் நிறைய வேண்டும். தலையும் நிமிர வேண்டும். ஒன்று போதும், மற்றது பிறகு என்று சொல்வோர் சொல்லட்டும். நாம் இரண்டையும் கேட்போம். பெறும்வரை கேட்போம்!